குளத்தைத் தாண்ட நூற்றைம்பது காலடி

மார்ச் 3, இரவு

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் அறையில் கூட இருப்பவர்கள் யாராவது கேட்டால், ஏதோ பள்ளித் தோழி எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு. நான் உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

அம்மா ஆஸ்பத்திரிக்கு இரவு டியூட்டி போய்விட்டாள். அப்பா முன்னறையில் இருக்கிறார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. உன் முகவரி அம்மாவின் டியூட்டி கோட்டுப் பையில் இருந்தது. பதிலை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. எங்கள் பள்ளி நூலக மிஸ் பெயருக்கு அனுப்பு. அவர் எதுவும் கேட்க மாட்டார், புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார்.

நீ போன பிறகு, பந்து விழும் தூரத்தைக் காலடி வைத்து அளக்கிற வேலை எனக்கு வந்துவிட்டது. கோல்ஃப் கடைக்காரர் புது மட்டை தருவித்தால் அப்பாதான் இப்போதும் அடித்துப் பார்த்து, அது யார் யாருக்குப் பொருந்தும் என்று எழுதித் தருகிறார். தோள் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் யாருக்கும் ஆட்டம் சொல்லித் தருவதில்லை. இந்த ஒரு வேலைதான் மிச்சம். கடைப் பலகையில் ஒட்டியிருக்கும் அவர் தாளைப் படித்த பிறகுதான் ஆட்கள் மட்டையையே தொட்டுப் பார்க்கிறார்கள். தூரத்தில் பந்து விழுவது அவர் கண்ணுக்கு இப்போது தெரிவதில்லை. அளக்க லேசர் கருவி வாங்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். "என் பொண்ணு காலு போதும். அதுக்கு பேட்டரி மாத்த வேணாம்" என்று அப்பா சிரித்தார்.

நடைவழியில் நமக்காக அவர் போட்ட ஏழு கோடுகள் நினைவிருக்கிறதா? கோட்டுக்குக் கோடு ஒரு மீட்டர். கீழே பார்க்காமல் நடந்தாலும் கால் கோட்டில் விழவேண்டும் என்று உன்னை நடக்கவிடுவாரே, அதே கோடுகள். அம்மா துடைத்துத் துடைத்து அலுத்துப் போனாள். இப்போது பெயிண்டாலேயே போட்டுவிட்டார். முன்னறையில் தொடங்கி என் கதவில் முடிகிறது. நான்காவது கோடு உன் அறை வாசலில். உன் அறை பூட்டியே இருக்கிறது.

அக்கா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அப்பாவின் பந்து விழும் தூரத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை இல்லை, ரொம்ப நாளாக. இப்போது அது தாளில் ஏறிவிட்டது.

உன் தங்கை


மார்ச் 7

நண்டு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு வருடத்தில் வீட்டிலிருந்து வந்த முதல் கடிதம். தலையணைக்கு அடியில் இருக்கிறது. பயப்படாதே, இந்த அறையில் என் சாமான்களை எடுத்துப் பார்க்க யாருமே இல்லை. கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் கட்டிலில் இப்போது என் துணிகள்தான் தூங்குகின்றன.

அம்மா என் முகவரியைக் கேட்டு வாங்கினாள், அவ்வளவுதான். எழுதியதில்லை.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். கால் அளக்கிற வேலை. சிரிக்காதே. அந்த வீட்டுப் பெண்களுக்கு அளப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது போல. பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்து "எனக்கு ஏழுதான்" என்பார்கள். அளந்தால் எட்டு. "மெஷின் சரியில்ல போல" என்பார்கள். நான் வாதாடுவதில்லை. ஏழையே கொடுத்து அனுப்பிவிடுவேன். நாலு நாளில் கொப்புளத்தோடு வந்து என்னையே திட்டுவார்கள்.

நீ கூட்டியதற்காக யார் செத்துப்போனார்கள்? தாளில் ஓர் எண். அதை யார் கயிறு கட்டி அளக்கப் போகிறார்கள்? விட்டுவிடு. நிம்மதியாகத் தூங்கு.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது பேசுவாரா? வேண்டாம், அதற்குப் பதில் எழுதாதே.

அக்கா


மார்ச் 10, இரவு

அக்கா,

தூங்க முடியவில்லை. கயிறு கட்டித்தான் அளக்கப் போகிறார்கள். முழுவதும் சொல்கிறேன்.

போன மாதம் கடைக்காரர் ஒரு ஹைப்ரிட் மட்டை கொண்டுவந்தார். "இரும்பு மட்டைக்கும் மர மட்டைக்கும் கல்யாணம் ஆகிப் பொறந்த புள்ள சார் இது" என்றார். தலை சின்ன ஆமை முதுகு மாதிரி இருக்கும். தண்டு கார்பன், தூக்கினால் எடையே தெரியாது. நாலாம் நம்பர் இரும்பு மட்டை சரிப்படாதவர்களுக்கு இது மாற்று என்கிறார்கள். அது நிஜமா, யார் யாருக்கு நிஜம் என்று பார்க்க வேண்டும். அப்பா வழக்கம்போல தன்னையும் சேர்த்து நாலு பேரை வைத்துப் பார்த்தார். ஆளுக்குப் பத்துப் பந்து இரும்பில், பத்து ஹைப்ரிட்டில்.

பல் டாக்டர் போன வருடம்தான் ஆட்டம் பழக ஆரம்பித்தவர். இரும்பில் அவருடைய பந்துகள் பாதி தரையிலேயே உருண்டன, சராசரி தொண்ணூற்றைந்து காலடி. ஹைப்ரிட்டில் எழும்பிப் பறந்து நூற்று இருபத்தொன்று. "அப்ப இத்தனை நாள் தப்பு என்மேல இல்ல!" என்று குதித்தார். அப்பா, "தப்பு உங்கமேலதான் டாக்டர். இது மன்னிச்சு விடுது, அவ்ளோதான்" என்றார். டீச்சரம்மாவை உனக்குத் தெரியும், ரிட்டயர் ஆனவர், இரும்பில் பந்தைத் தரையை விட்டே கிளப்ப முடியாது அவரால். இதில் நூற்றெட்டு. நீளப் புல்லில் போட்டு அடிக்கச் சொன்னார் அப்பா. இரும்பு புல்லில் மாட்டித் திரும்பிக்கொண்டது. இந்த ஆமை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கை பலம் அதிகமுள்ள நம் பயில்வானுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. இரும்பில் நூற்று எழுபத்திரண்டு, இதில் நூற்று எழுபது, அதிலும் பத்தில் ஆறு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு மரத்துக்குள் போய்விட்டது. "கை வேகமா வர்றவங்களுக்கு இது ஆகாது" என்று அப்பா எழுதினார். இவர்கள் மூவருக்கும் நான் சொன்ன எண்கள் எல்லாம் சரி, அக்கா. ஒன்றைக்கூட மாற்றவில்லை.

கடைசியில் அப்பா அடித்தார். பந்து உயரமாகப் போனது. தோளுக்குப் பிறகு அவர் பந்து அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. "எவ்ளோடா கண்ணு?" என்று அங்கிருந்தே கத்தினார். முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. பத்துக்கும் சராசரி நூற்று முப்பத்தொன்பது. இரும்பைவிட எட்டு கூட. ஆனால் இரும்பில் நான் ஏற்கெனவே நூற்று முப்பத்தொன்றை நூற்று நாற்பது என்று சொல்லி வைத்திருந்தேன். முப்பத்தொன்பது என்று சொன்னால் இந்த மட்டை பழசைவிட மோசம் என்று ஆகிவிடுமே! வாயிலிருந்து நூற்று ஐம்பத்து நாலு என்று வந்துவிட்டது.

"தோள் தளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மட்டை இல்லை" என்று அப்பா எழுதிவிட்டார். கடைக்காரர் படித்துப் பார்த்தார். "நூத்தம்பத்தி நாலா? அப்ப ஒன்பதாவது குழிக்கு முன்னால இருக்குற குளத்தை அசால்ட்டா தாண்டுமே சார். வர்ற இருபத்தி மூணாந்தேதி ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்றேன். நீங்களே அடிச்சுக் காட்டுங்க."

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். குளத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை நூற்றைம்பது காலடி. பலகைப் பாலத்தின் மேல் நடந்து மூன்று தடவை அளந்துவிட்டேன். மூன்று தடவையும் நூற்றைம்பதுதான்.

அத்தனை பேர் முன்னால் பந்து தண்ணீரில் விழும். அப்புறம் அவர் எழுதுகிற தாளை யார் படிப்பார்கள்? நான்தான் காரணம் என்று தெரிந்தால் அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். உன்னிடம் இருந்த மாதிரி. அதுதான் எனக்குப் பயம்.


மார்ச் 14

நண்டு,

விட்டுவிடு என்று எழுதியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். கடையில் செருப்புக்குப் பஞ்சமில்லை.

நீ ஏன் கூட்ட ஆரம்பித்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீயும் யாரிடமும் காட்டாதே.

நானும் கூட்டினேன். தோள் ஆபரேஷன் ஆன அந்த வருடம் முழுவதும். தோளுக்குப் பிறகு முதல் நாள் மைதானத்துக்கு வந்தார். நூற்று முப்பத்தெட்டு அளந்தேன். அவர் முகத்தைப் பார்த்து நூற்றைம்பது என்றேன். அதற்குப் பிறகு தினமும் நூற்றைம்பதுதான்.

அப்புறம், வேலைக்குப் போகிறேன் என்று நான் கேட்டு அவர் முடியாது என்ற வாரத்தில் ஒரு நாள். மைதானத்தில் கடைக்காரர், பயில்வான், இன்னும் பத்துப் பேர். "எவ்ளோம்மா?" என்றார். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி "நூத்தி முப்பத்தெட்டு! நூத்தி முப்பத்தெட்டுதான்பா போவுது!" என்று கத்தினேன். யாரோ சிரித்தார்கள். அப்பா மட்டையைக் கீழே வைத்தார். "நேத்து வரைக்கும் நூத்தம்பது போனது இன்னைக்கு எப்படிம்மா முப்பத்தெட்டு ஆகும்? கோபம்னா என்கிட்ட காட்டு. அளவுல காட்டாத" என்றார். பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நேற்று வரை சொன்னதுதான் பொய் என்று அப்போது வாய் திறந்து சொல்ல என் வீம்பு விடவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை, நானும் வீட்டை விட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னதற்காக வெளியே வந்தேன் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நான் உண்மையைச் சொன்னது அவரை அடிப்பதற்காக. அது நன்றாகவே பட்டது.

நீ அப்படிச் செய்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்லிவிடு.

அக்கா


மார்ச் 18, இரவு

அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. நீ ஆரம்பித்து வைத்துவிட்டுப் போய்விட்டாய்! நீ போன பிறகு நான் அளந்த முதல் நாள் எனக்கு எதுவும் தெரியாது. நூற்று முப்பத்தாறு வந்தது. நான் சின்னப் பெண், கால் எட்டவில்லை போல, அதனால்தான் நீ சொல்லிவந்த நூற்றைம்பதைவிடக் குறைகிறது என்று நினைத்து நூற்று நாற்பத்தைந்து என்றேன். இரண்டு வருடமாக என் கால்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு, இரவில் எழுந்து அந்த ஏழு கோட்டிலும் நடந்து நடந்து பார்த்திருக்கிறேன். கால் ஒவ்வொரு தடவையும் கோட்டில்தான் விழுந்தது. அப்படியிருந்தும் நம்பவில்லை. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சொல்லப் பார்த்தேன். நேற்று இரவு அப்பா முன்னறையில் ஹைப்ரிட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா, குளம் வேணாம்பா. காத்து அடிச்சா?" என்றேன். "காத்து அடிச்சா என்ன, நாலு காலடி மிச்சம் இருக்கே. நீ அளந்ததுதானே" என்றார். அவருக்கு வேறு துணி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று பள்ளி விட்டதும் குளக்கரைக்குப் போனேன். அடிக்கிற இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் நட்டிருப்பார்கள் இல்லையா? அதைப் பிடுங்கிப் பக்கவாட்டில் குளம் ஒடுங்குகிற இடத்தில் நடலாம் என்று போனேன். ஒன்றைப் பிடுங்கியும் விட்டேன். டீச்சரம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி பண்ற?"

"கட்டை ஆடுச்சு டீச்சர், சரியா நடறேன்."

"நல்லா நடு" என்றார். அப்புறம், "அந்த மட்டையை நான் வாங்கிட்டேன். எனக்கு நூத்தி எட்டுன்னு உங்கப்பா எழுதியிருக்காரே, அது நெஜந்தானே? இல்ல கெழவிக்கு ஆறுதலா இருக்கட்டும்னு போட்டாரா?" என்று கேட்டார்.

"நெஜம் டீச்சர்."

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும். உங்கப்பா பெருமையா சொல்வாரு."

கட்டையைப் பழைய குழியிலேயே நட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். டீச்சரம்மாவின் நூற்றெட்டு நிஜம். ஆனால் அப்பா பந்து தண்ணீரில் விழுந்துவிட்டால் அந்த நூற்றெட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அம்மா பகலில் தூங்குகிறாள், அப்பா இரவில் கணக்கில்லாமல் விழித்திருக்கிறார், நடுவில் நான். அவர் உன்னைப் பற்றிப் பேசுவாரா என்று கேட்டாய். பதில் எழுதாதே என்றாய். பேசுவதில்லை, அக்கா. ஆனால் நடைவழியில் போகும்போது நான்காவது கோட்டை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போகிறார்.


மார்ச் 20

நண்டு,

உன் கோபம் சரிதான். அதை வைத்துக்கொள், பிறகு நேரில் திட்டு.

ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆமாம். இருபது தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'அப்பா' என்று எழுதிய பிறகு அடுத்த சொல் வரவில்லை.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன். கூட்டத்தில் சொல்லாதே. கடைக்காரர் இருக்கும்போது சொல்லாதே. வாயால் முடியவில்லை என்றால் எழுதி வை, நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். என்னை அதில் இழுக்காதே. உன் எண்ணைச் சொன்னால் என்னுடையதும் பொய் இல்லை என்று அவருக்குத் தானாகத் தெரியும், ஆனால் அதற்காக நீ சொல்லக் கூடாது. உனக்காகச் சொல்.

ஞாயிறு எனக்கு விடுமுறை இல்லை. அவர் பேசாமல் போனால் இங்கே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. என் துணிகளை எடுத்துவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 22, இரவு

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. சனிக்கிழமை என்றாலும் சிறப்பு வகுப்பு இருந்ததால் நூலக மிஸ் வந்திருந்தார். முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரியா இருக்கா?" என்றார். நாளைக்குத் தெரியும் மிஸ் என்றேன்.

செய்துவிட்டேன்.

அம்மா டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு, அப்பா குளிக்கப் போனபோது, அவர் எழுதிய தாளை மேசையிலிருந்து எடுத்தேன். நாளைக்குக் கடைக்காரரிடம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். பல் டாக்டர், டீச்சரம்மா, பயில்வான், மூன்று பேர் வரியையும் தொடவில்லை. கடைசி வரியில் நூற்று ஐம்பத்து நாலை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் நூற்று முப்பத்தொன்பது என்று என் கையெழுத்தில் எழுதினேன். இரும்புக்கு நூற்று முப்பத்தொன்று. இது என்னுடைய எழுத்து என்று அவருக்குத் தெரியட்டும் என்று பென்சிலில் எழுதாமல் பேனாவிலேயே எழுதினேன்.

அவர் எழுதுகிற மாதிரியே தாளின் பின்பக்கத்தில் நானும் எழுதினேன். அப்படியே உனக்கும் எழுதுகிறேன்:

'தோள் தளர்ந்தவர்களுக்கு: பழைய இரும்பு மட்டையைவிட எட்டுக் காலடி கூடப் போகிறது. உயரமாகப் போவதால் விழுந்த இடத்திலேயே நிற்கிறது. பத்தில் எட்டு நேராகப் போயின. அடித்து முடித்த பிறகு தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, இரும்பில் மூன்றாவது பந்திலேயே பிடித்துக்கொண்டார். நல்ல மட்டைதான். குளத்தைத் தாண்டாது.'

அதற்குக் கீழே, அப்பா, நான் இரண்டு வருடமாகக் கூட்டிச் சொன்னேன் என்று எழுதினேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. நீங்கள் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று மட்டும் எழுதினேன்.

உன்னை அதில் இழுக்க வேண்டாம் என்றாய். இழுத்துவிட்டேன். 'அக்கா அன்றைக்குச் சொன்ன நூற்று முப்பத்தெட்டு சரியான அளவு' என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டால் அதுவும் கூட்டல் கழித்தல் மாதிரிதானே, அக்கா?

தாளை அவர் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இது கால் மணி நேரத்துக்கு முன்னால். பையில் இரண்டு உடுப்பும் உன் முகவரியும் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு பஸ் எங்கே மாறவேண்டும் என்றுகூடத் தெரியாது.

குளியலறைக் கதவு திறந்தது. நாற்காலியை இழுக்கிறார். கண்ணாடிக் கூடு மூடுகிற சத்தம் கேட்டது.

ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரமாக ஒன்றும் கேட்கவில்லை. எழுதாமல் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக்கு எல்லோரும் வருவார்கள். அவர் என்ன சொல்லி அனுப்புவார்? இல்லை, அடித்தே தீருவேன் என்பாரோ? தாளைத் திருப்பிவிட்டார், சத்தம் கேட்டது. பின்பக்கம் படிக்கிறார். இப்போது உன் வரிக்கு வந்திருப்பார்.

நாற்காலி நகர்ந்தது.

நடைவழி விளக்கைப் போட்டுவிட்டார். கதவுக்கு அடியில் வெளிச்சம் வருகிறது. வருகிறார். ஒன்று. இரண்டு. மெதுவாக வருகிறார், அக்கா. மூன்று.

நான்கு.

நின்றுவிட்டார். மிதித்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்குத் தாண்டவில்லை. உன் கதவு லேசாக முனகியது, கையை வைத்திருக்கிறார் போல. மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரியாததை எழுத மாட்டேன்.

இன்னும் அங்கேதான்.

ஐந்து. ஆறு. ஒன்றுகூடக் கூட்டவில்லை அக்கா, உள்ளபடி எழுதுகிறேன்.

ஏழு.

தட்டுகிறார். நான்